காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா? பினாங்கில் நான் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆறாம் படிவ மாணவர்களுக்குக் கணிதம் போதித்து ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உதவி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியில் தொடங்கி ஜூலை வரைக்கும் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை, கிடைத்தது என்றும் சொல்லாமல் கிடைக்கவில்லை என்றும் சொல்லாமல் காத்திருக்கச் சொல்லும் அந்த ஒரு மின்னஞ்சலைப் பற்றியவை. ஒரே பதிலைப் புலனத்தில் முப்பது பேருக்குத் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டதால், இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். காத்திருப்புப் பட்டியல் என்பது முதன்மையாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கம் என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன். பிரிட்டனையும் நம் நாட்டையும் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

டீச்சர், வெய்ட்லிஸ்ட்னு போட்டிருக்கு. இது கிடைச்ச மாதிரியா, கிடைக்காத மாதிரியா?

திட்டமிடுவதற்குக் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படித்தார்கள், இங்கே படிக்கத் தகுதியுள்ளவர் என்று கண்டார்கள், ஆனால் இப்போது தருவதற்கு இடமில்லை என்பதுதான் அதன் பொருள். இடம் உண்டாகுமா என்பது அவர்களுக்கே இன்னும் தெரியாது.

நவம்பரில் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு டிசம்பரில் வரும் "டிஃபர்" என்ற பதிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் உங்கள் விண்ணப்பம் பொதுச் சுற்றுக்குத் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச்சில் மீண்டும் எல்லாருடனும் சேர்த்துப் படிக்கப்படும். காத்திருப்புப் பட்டியல் அந்தச் சுற்றும் முடிந்த பிறகு வருவது.

இடம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போகலாமே, எதுக்கு இப்படித் தொங்க விடுறாங்க?

கேட்பவர்களின் கோபம் நியாயமானதுதான், ஆனால் காரணம் வெறும் கணக்கு. ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக்கு 1,000 இடங்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அழைக்கப்படுகிறவர்கள் எல்லாரும் வருவதில்லை. அவர்களுக்கும் வேறு நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கும். பத்தில் நான்கு பேர் வருவார்கள் என்ற அனுபவக் கணிப்பில் 2,500 பேரை அழைக்கிறார்கள். 950 பேர் மட்டும் பணம் கட்டினால், மீதி 50 இடங்களைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். 1,020 பேர் கட்டிவிட்டால், அந்த ஆண்டு பட்டியலை யாரும் திறக்கவே மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரரிடம் சொல்ல வேண்டியவரின் சங்கடந்தான் இது.

கணிப்பு பெரிதாகத் தவறும் ஆண்டுகளும் உண்டு. 2020-இல் பெருந்தொற்றினால் யார் வருவார், யார் வரமாட்டார் என்று சொல்ல முடியாமல் போனபோது, பல பல்கலைக்கழகங்கள் வழக்கத்தைவிட அதிகமானோரைப் பட்டியலிலிருந்து எடுத்தன. 2024-இல் ஃபாஃப்சா எனப்படும் அமெரிக்கக் கூட்டரசு நிதியுதவி விண்ணப்பத்தில் ஏற்பட்ட கோளாறால், முன்பணம் கட்டுவதற்கான மே 1 என்ற இறுதி நாளையே பல கல்விக்கூடங்கள் தள்ளிவைத்தன. பட்டியலும் அதற்கேற்பத் தாமதமாக நகர்ந்தது. இந்த இரண்டு ஆண்டுகளிலும் நடந்தவற்றுக்கும் ஜார்ஜ்டவுனிலோ பட்டர்வொர்த்திலோ உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் தகுதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

என் மகன் லிஸ்ட்ல எத்தனாவது நம்பர்? கேட்டா சொல்லுவாங்களா?

பெரும்பாலான இடங்களில் எண்ணே கிடையாது. கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்தால் நமக்கு முன் ஏழு பேர் என்று தெரியும். இது அப்படிப்பட்ட வரிசை அன்று. மே மாதத்தில் எந்தத் துறையில் ஆள் குறைகிறது, இசைக்குழுவில் யார் இல்லை, எந்த நாட்டிலிருந்து எவரும் வரவில்லை என்று பார்த்து, அந்த இடைவெளிக்குப் பொருந்துகிறவரை எடுப்பார்கள்.

நம் பெற்றோருக்கு இது பிடிபடாமல் போவதற்கு அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ முறை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று மெரிட் புள்ளியைக் கூட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். "பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட என் மகனுக்குப் புள்ளி அதிகம், அவளுக்கு எப்படிக் கிடைத்தது" என்ற கேள்விக்கு அந்த முறையில் பதில் உண்டு. அமெரிக்க முறையில் இல்லை.

சரி, வாய்ப்பு எத்தனை சதவீதம்? உண்மையைச் சொல்லுங்க.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கமான நாக்காக், 2018-ஆம் ஆண்டுச் சேர்க்கையைப் பற்றித் திரட்டிய கணக்கின்படி, பட்டியலில் தொடர விரும்பியவர்களில் சராசரியாக 20 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானோரை எடுக்கும் கல்விக்கூடங்களில் அது 7 விழுக்காடு. நம் பிள்ளைகள் பெயர் சொல்லி ஆசைப்படும் இடங்கள் இதைவிடவும் கடினமானவை. சில ஆண்டுகளில் ஒருவரைக்கூட எடுக்காத இடங்களும் அவற்றுள் உண்டு.

சராசரியை விட்டுவிட்டு, உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கை நீங்களே பாருங்கள். அதன் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடினால், ஆண்டுதோறும் வெளியிடும் ஓர் ஆவணம் பெரும்பாலும் கிடைக்கும். அதில் சி2 என்ற பகுதியில் மூன்று எண்கள் இருக்கும்: பட்டியலில் இடம் தரப்பட்டவர்கள், அதை ஏற்றுக்கொண்டவர்கள், கடைசியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். மூன்றாவதை இரண்டாவதால் வகுங்கள், முதலாவதால் அன்று. 1,000 பேருக்குத் தந்து, 600 பேர் ஏற்று, 30 பேருக்குக் கிடைத்திருந்தால் அது 5 விழுக்காடு. குறைந்தது நான்கு ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஓராண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். பட்டியல் தரவரிசைப்படி அமைந்ததா என்பதையும் அதே பகுதியில் குறிப்பிட்டிருப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைப் போல ஓராண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலில் வைக்கும் இடங்களும் இருக்கின்றன என்பது இந்தப் பகுதியைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

இப்ப உடனே நான் என்ன செய்யணும்?

இரண்டு வேலைகள். முதலாவது, பட்டியலில் தொடர விரும்புகிறீர்கள் என்பதை அவர்களுடைய தளத்தில் உறுதிப்படுத்துவது. மின்னஞ்சல் வந்துவிட்டதாலேயே பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்; பெரும்பாலான இடங்களில் அந்தப் பாரத்தை நிரப்பாதவர் விலகிக்கொண்டவராகவே கருதப்படுவார். இரண்டாவது, உங்களை ஏற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்றைத் தேர்ந்து, மே 1-க்குள் முன்பணம் கட்டுவது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வேலைதான் உண்மையான முடிவு. காத்திருப்புப் பட்டியலைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிவிட்டு, கையில் இருக்கும் இடத்தைப் பற்றி மூன்று நிமிடங்கூடப் பேசாத குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நேரக் கணக்கில் கவனம் வேண்டும். மார்ச் இறுதியிலும் மே மாதத்திலும் அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே மாலை ஏழு மணிக்கு முடிவுகள் வெளியானால் நமக்கு மறுநாள் காலை ஏழு மணி. மே 1 இரவு 11.59 என்று கிழக்குக் கரைப் பல்கலைக்கழகம் சொன்னால், நமக்கு அது மே 2 நண்பகல் 11.59, கலிஃபோர்னியாவில் என்றால் பிற்பகல் 2.59. ஆனால் மே 1 நமக்குத் தொழிலாளர் தின விடுமுறை. வெளிநாட்டுக் கட்டணம் என்று வங்கி அட்டையைத் தடுத்துவிட்டால் அன்று முகப்பிடத்தில் ஆள் இருக்காது. ஏப்ரல் 25-ஐயே இறுதி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேற இடத்துல பணம் கட்டிட்டா, லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்களா? ஏமாத்துற மாதிரி இல்லையா?

எடுக்க மாட்டார்கள், இது ஏமாற்றும் இல்லை. ஓரிடத்தில் பணம் கட்டிவிட்டு இன்னோரிடத்தின் காத்திருப்புப் பட்டியலில் தொடர்வது எல்லாரும் அறிந்த நடைமுறை. இடம் தந்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே சமயத்தில் பணம் கட்டி வைப்பதுதான் தவறு. அது தெரியவந்தால் இரண்டுமே கையைவிட்டுப் போகக்கூடும். பட்டியலிலிருந்து அழைப்பு வந்து நீங்கள் மாறிச் சென்றால், முதலில் கட்டிய முன்பணம் திரும்பி வராது. பெரும்பாலும் அது சில நூறு டாலர்களாக இருக்கும். அதை இழக்க மனமில்லாதவர்கள் பட்டியலில் தொடர்வதைப் பற்றியே மறுபடி யோசிக்கலாம்.

லெட்டர் எழுதினா நல்லதுன்னு சொல்றாங்க. என்ன எழுதறது?

முதலில் பல்கலைக்கழகம் அனுப்பிய அறிவுறுத்தலை வரிவரியாகப் படியுங்கள். சில இடங்கள் கடிதத்தை வரவேற்கின்றன. சில, தளத்தில் உள்ள பெட்டிக்குள் மட்டும் எழுதச் சொல்கின்றன. சில, எதையுமே அனுப்ப வேண்டாம் என்கின்றன. அனுப்ப வேண்டாம் என்றால் அனுப்பக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அனுப்பிவிட்டு வந்து சொல்கிறார்.

அனுமதி உண்டென்றால், ஒரு பக்கத்துக்குள், விண்ணப்பத்தில் இல்லாத புதிய செய்தியை எழுதுங்கள். ஒரு மாணவரின் முதல் வரைவு, "உலகப் புகழ் பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் பயில்வது என் சிறுவயதுக் கனவு" என்று தொடங்கி, அதே கனவிலேயே முடிந்தது. ஜனவரியிலிருந்து சனிக்கிழமைகளில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். பினாங்கு ஆற்றில் மூன்று இடங்களில் நீர் எடுத்துக் கலங்கல் அளவைப் பதிவு செய்வதாகவும், ஏப்ரல் மழைக்குப் பிறகு கருவி காட்டிய எண்கள் நம்பமுடியாதவையாக இருந்ததால், காய்ச்சி வடித்த நீரை வைத்துக் கருவியை மறுபடி சரிபார்க்கக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது ஆற்றின் வளைவைக் காட்ட, என் மேசைமீது தேநீர்க் குவளை விட்டிருந்த ஈர வட்டத்தை விரலால் இழுத்து வரைந்தார். "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையே டீச்சர்" என்றார்.

அந்தச் "சின்ன விஷயம்" கடிதத்தின் நடுப்பத்தியானது. அதற்கு முன்னால், பட்டியலில் தொடர விரும்புகிறேன் என்ற ஒரு வரி. பின்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைத் தொடர முடியும் என்ற இரண்டு வரிகள். கடைசியில், அண்மைத் தேர்வு மதிப்பெண்கள். "இடம் தந்தால் நிச்சயம் வருவேன்" என்ற வாக்கியத்தை ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடிதத்தை மாணவரே எழுதி, அவருடைய மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும். என் மகள் பட்டியலில் இருந்த ஆண்டில், நான் நடு இரவில் சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அவளுக்காகப் பேசத் தொடங்கினேன். மறுமுனையில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடு, "உங்கள் மகளிடமிருந்து கேட்க விரும்புகிறோம்" என்றார். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்க ஏரியா ஒய்.பி.கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கலாமா? ஒரு ஏஜண்டு 8,000 வெள்ளி கொடுத்தா லிஸ்ட்லேர்ந்து மேலே ஏத்துறேன்னு சொல்றார்.

மாணவரைக் கற்பித்தறியாத ஒருவர் எழுதும் கடிதம், அவர் சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ, எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பயன் தராது. பள்ளியில் இவ்வாண்டு கற்பித்த ஆசிரியர் ஒருவர் புதிதாகச் சொல்ல ஏதேனும் இருந்து, பல்கலைக்கழகமும் ஏற்குமானால், அந்த ஒன்று போதும்.

முகவரைப் பொறுத்தவரை, எண்ணே இல்லாத பட்டியலில் எங்கிருந்து எங்கே ஏற்றுவார் என்று கேட்டுப் பாருங்கள். இலவசமாகக் கேட்டறிய ஓர் இடம் வேண்டுமென்றால், கோலாலம்பூரில் மேசி (MACEE) எனப்படும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தின் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

லிஸ்ட்லேர்ந்து கூப்பிட்டா உபகாரச் சம்பளமும் சேர்ந்து வருமா?

வராமல் போகலாம் என்று எண்ணியே குடும்பத்தில் பேசி வையுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில இடங்களே வெளிநாட்டு மாணவரின் பணநிலையைப் பாராமல் தேர்ந்தெடுப்பதாக அறிவித்திருக்கின்றன. மற்ற இடங்களில் வெளிநாட்டவருக்கான நிதி குறைவு. மே மாதத்துக்குள் அதன் பெரும்பகுதி மற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். முழுச் செலவையும் கட்டக்கூடியவரை அந்தச் சமயத்தில் எடுப்பது அவர்களுக்கு எளிது. கசப்பான செய்திதான், ஆனால் தெரிந்துகொண்டு காத்திருப்பது நல்லது.

முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், உணவு உட்பட ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல், அதாவது 3 லட்சம் ரிங்கிட்டுக்கும் அதிகம். பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு மட்டுமே. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக்காகப் பணம் எடுக்க வழியுண்டு என்றாலும், நான்கு ஆண்டுச் செலவுக்கு முன்னால் அது எவ்வளவு தூரம் வரும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் அப்பாக்களிடம் நான் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். எவ்வளவுக்கு மேல் முடியாது என்ற எண்ணைப் பிள்ளையிடம் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். அழைப்பு வந்த இரவில் சொன்னால் அது பெரிய கொடுமையாகிவிடும்.

ஜூலையில கூப்பிட்டா விசா எடுக்க நேரம் இருக்குமா?

இறுக்கமாக இருக்கும், ஆனால் முடியாததன்று. இடத்தை ஏற்றுப் பணம் கட்டி, வங்கிச் சான்றுகளை அனுப்பிய பிறகுதான் பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற ஆவணத்தைத் தரும். அதன் பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், பின்னர் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். பினாங்கிலிருந்து செல்கிறவர்கள் பேருந்து, தங்குமிடம் உட்பட அதற்கும் இரண்டு நாள் ஒதுக்க வேண்டும்.

மே மாதத்தில் பணம் கட்டிய பல்கலைக்கழகத்தின் ஐ-20 கையில் இருந்து, செவிஸ் கட்டணமும் கட்டியிருந்தால், அதைப் புதிய ஐ-20-க்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. விசாவே முதல் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்துவிட்டது என்றால், புதிய இடத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் விமானச்சீட்டு வாங்காதீர்கள். கடப்பிதழ் காலாவதித் தேதியையும் வங்கிச் சான்றுகளையும் ஜூன் மாதத்திலேயே தயாராக வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாடு பாதியாகக் குறைந்ததைக் கண்டிருக்கிறேன்.

லண்டன் யுனிவர்சிட்டிக்கும் இதே கதைதானா? நம்ம மலாயா யுனிவர்சிட்டிக்கு?

இல்லை. பிரிட்டனில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக வருவது பெரும்பாலும் நிபந்தனையோடு கூடிய இடம்; ஆகஸ்டு நடுவில் ஏ-லெவல் முடிவு வரும்போது கேட்ட மதிப்பெண் இருந்தால் இடம் உங்களுடையது. இல்லையென்றால் இரண்டாவதாகக் குறித்து வைத்த இடம், அதுவும் இல்லையென்றால் மீந்திருக்கும் இடங்களை நிரப்ப ஜூலையில் திறக்கும் கிளியரிங். மருத்துவத்துக்குச் சில கல்லூரிகள் இருப்புப் பட்டியல் வைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி எடுக்காத நல்ல மாணவரை மற்றக் கல்லூரிகள் பார்வையிடும் "பூல்" என்ற முறை உண்டு. அதன் முடிவு ஜனவரியிலேயே தெரிந்துவிடும்.

மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூபியூ வழி விண்ணப்பித்தவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் என்ற பேச்சே இல்லை. இருப்பது "ராயுவான்" என்னும் மேல்முறையீடு. அதற்கான கால அளவு மிகக் குறுகியது என்பதால், முடிவு வெளியான அன்றே தளத்தில் தேதியைப் பாருங்கள். அமெரிக்கப் பட்டியலில் காத்திருக்கும் ஒருவர் யூபியூ தேதிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவது நான் கண்ட தவறுகளிலேயே மிகவும் வருத்தமானது.

சித்திரைப் புத்தாண்டுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. "எங்கே கிடைச்சுது"ன்னு கேட்டா என்ன சொல்றது?

முடிவுகள் மார்ச் இறுதியில் வருகின்றன, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14 வாக்கில் வருகிறது. ஆகவே இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்பியதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆண்டு வடைத் தட்டும் பாயசக் கிண்ணமும் இருந்த மேசையின் ஓரத்தில், மகள் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈப்போவிலிருந்து வந்த பெரியம்மா கேட்டதும் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வாக்கியத்தில் ஒத்துக்கொண்டோம்: "இன்ன பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அங்கே சேரப்போகிறாள்." கையில் இருக்கும் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்; பட்டியலைப் பற்றி வாய் திறக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெற்றோரும் அதே வாக்கியத்தையே சொல்ல வேண்டும் என்பது முக்கியம். மகன் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்து நாற்காலியில், "இன்னும் பெரிய இடத்திலிருந்து வரும், பாருங்கள்" என்று சொன்னால், ஜூலையில் அந்தப் பெரியம்மா மறுபடி தொலைபேசியில் அழைப்பார்.

பையன் தூங்குறதே இல்லை. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து மெயில் பார்க்கிறான்.

அங்கே அலுவலக நேரம் நமக்கு இரவு என்பதால் இந்தப் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. இரவு மூன்று மணிக்கு வரும் அழைப்பை மூன்று மணிக்கே பார்க்க வேண்டிய தேவை இல்லை என்பதை அவருக்கு உறுதியாகச் சொல்லுங்கள். மிகக் குறுகிய கெடு என்பதே ஒரு நாள் அளவிலாவது இருக்கும். காலையில் ஒருமுறை, இரவு உணவுக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் எதுவும் தவறாது. சிலர் அந்தப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலுக்கு மட்டும் தனி ஒலி வைத்துவிட்டு, கைப்பேசியைக் கூடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுக்கிறார்கள்.

சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் பேசத் தொடங்கினால் அது பட்டியல் சம்பந்தப்பட்ட விஷயமாக இனி இல்லை. மருத்துவரைப் பாருங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு.

ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணலாமா?

அந்த ஓர் ஆண்டில் விண்ணப்பம் உண்மையிலேயே மாறும் என்றால் மட்டும். அதே மதிப்பெண், அதே கட்டுரை, அதே நடவடிக்கைகளோடு போனால் அதே பதிலுக்கே வாய்ப்பு அதிகம். கடந்த ஆண்டு காத்திருப்புப் பட்டியலில் இருந்தது தனிச் சலுகை எதையும் தராது.

எனக்குப் பிடித்த வழி வேறு. சன்வே, டெய்லர்ஸ், இன்டி போன்ற கல்விக்கூடங்களில் அமெரிக்கப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை இங்கேயே படித்துவிட்டு, மீதியை அமெரிக்காவில் முடிக்கலாம். செலவு வெகுவாகக் குறையும். மிக உயர்ந்த தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இப்படி மாறுகிறவர்களுக்கு இடம் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது நன்கு நடைபோட்ட பாதை.

டீச்சர், கூப்பிட்டுட்டாங்க! 48 மணி நேரம்தான் கொடுத்திருக்காங்க. ஆனா இப்ப எனக்கு மத்த காலேஜ்தான் பிடிச்சிருக்கு. தப்பா?

தப்பில்லை. பணம் கட்டி, அங்கே படிக்கப்போகும் நண்பர்களோடு பேசி, விடுதி அறை வரைக்கும் பார்த்துவிட்ட ஒருவருக்கு மனம் மாறுவது இயல்பு. இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்த மூன்று பேரையும் நான் ஒரே சோதனைக்கு உட்படுத்தினேன்: இரண்டு பல்கலைக்கழகங்களும் மார்ச்சிலேயே ஒரே நாளில் அழைத்திருந்தால் எதற்குப் போயிருப்பாய்? இருவர் உடனே பதில் சொன்னார்கள். ஒருவர் காத்திருந்த இடத்துக்கே சென்றார், இன்னொருவர் மறுத்தார்.

மூன்றாமவர் தயங்கினார். அவருக்கு உதவித்தொகைக் கடிதம் இன்னும் வரவில்லை. எனவே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, பணவிவரம் தெரியும் வரைக்கும் மேலும் இரண்டு நாள் அவகாசம் கேட்கச் சொன்னேன். கொடுத்தார்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள், ஆனால் பணிவாகவும் காரணத்தோடும் கேளுங்கள். இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டோமே என்பதற்காகவோ, பெரியம்மாவிடம் சொல்லிவிட்டோமே என்பதற்காகவோ போக வேண்டாம். கடிதத்தில் "நிச்சயம் வருவேன்" என்று எழுதியிருந்தால் மட்டும், அந்தச் சொல்லைப் பற்றி அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்பதான் முடிஞ்சு போச்சுன்னு எடுத்துக்கறது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மே நடுவிலிருந்து ஜூன் இறுதிக்குள் பட்டியலை மூடிவிட்டு மின்னஞ்சல் அனுப்பும். ஜூலை, ஆகஸ்டு வரைக்கும் ஒன்றிரண்டு இடங்கள் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. மே 1-க்குப் பிறகு மற்றொரு கல்விக்கூடத்தில் சேர்ந்துவிட்ட மாணவரை இழுக்கக்கூடாது என்று நாக்காக் வைத்திருந்த விதி, அமெரிக்க நீதித்துறையின் விசாரணைக்குப் பின் 2019-இல் கைவிடப்பட்டது. ஆகவே கோடையில் இடமாற்றம் நின்றுவிட்டது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் பல்கலைக்கழகம் மூடும் வரைக்கும் நீங்களும் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. நான் சொல்லும் தேதி ஜூன் 30. விசாவுக்கும் பணத்துக்கும் அதற்கு மேல் தாங்காது என்று மேலே கண்ட கணக்கே சொல்கிறது. என் மகள் அந்தத் தேதிக்கும் பத்து நாள் முன்னதாகவே, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கு மறுநாள்தான் தெரியும். அந்த மின்னஞ்சலைப் பலர் கேட்டு வாங்கிச் செல்வதால் தமிழில் இங்கேயே தருகிறேன், ஆங்கிலத்திலும் இதே அளவுதான்: "என் விண்ணப்பத்தைப் பரிசீலித்ததற்கும் பட்டியலில் வைத்திருந்ததற்கும் நன்றி. நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர முடிவு செய்துவிட்டதால், என் பெயரை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே முழுப்பெயரும் விண்ணப்ப எண்ணும் இருக்க வேண்டும்.